சங்கத்தின் கோப்புகள் யாருடைய கணக்கில் இருக்கின்றன?

திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், மரண உதவிச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் நெருங்குகின்றன. நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் மனப்பாடம்: இறைவணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, புதிய நிர்வாகத் தெரிவு, ஏனைய விடயங்கள், நன்றியுரை, தேநீர். இந்த முறை கணக்கறிக்கைக்கும் நிர்வாகத் தெரிவுக்கும் நடுவில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சங்கத்தின் கணினிக் கோப்புகள் எங்கே இருக்கின்றன, யாருடைய பெயரிலுள்ள கணக்கில் இருக்கின்றன, பதவி மாறும்போது அவை எப்படிக் கைமாறும் என்பதைச் சபையில் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவெடுங்கள்.

நான் நகரத்தில் தட்டச்சு, ஸ்கேன், கணினித் திருத்தம் என்று கலந்து செய்கிற கடைக்காரன். உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், கும்பாபிஷேக மலர்கள், பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் ஏதோ ஒரு நாள் என் மேசையைக் கடந்தவைதான். அதனால் ஒரு சங்கத்தை மனதில் வைத்து இதை எழுதவில்லை. படித்துவிட்டு "எங்களைத்தான் சொல்கிறான்" என்று உங்களுக்குத் தோன்றினால், உவர்மலையிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் அதே நேரம் பலருக்கு அப்படித்தான் தோன்றும்.

முந்தி எல்லாம் சங்கத்தின் சொத்து கண்ணுக்குத் தெரிந்தது. அறிக்கைப் புத்தகம், காசுப் புத்தகம், முத்திரை, அலுமாரித் திறப்பு. செயலாளர் மாறினால் இவை மேசையில் வைக்கப்பட்டு, புதியவர் கையொப்பமிட்டு எடுத்துக்கொண்டு போவார். கொடுக்காமல் வைத்திருப்பவர் யார் என்பதும் ஊருக்கே தெரியும். இப்போது கடிதங்கள் செயலாளரின் மடிக்கணினியில். வரவுசெலவு பொருளாளரின் எக்செல் கோப்பில். தேர்த் திருவிழாப் படங்கள் பாதி ஸ்டூடியோக்காரரிடம், மீதி தலைவருடைய மகனின் போனில். காணி உறுதியின் படத்தை யாரோ ஒருவர் எப்போதோ வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதைத் தேடிப் பிடிக்க ஒரு பின்னேரம் முழுவதும் போகும். புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது முத்திரையும் வங்கிப் புத்தகமும் மட்டும் கைமாறுகின்றன. மற்றதெல்லாம் பழைய செயலாளரோடு கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறது. அல்லது கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறியவரோடு பாலையூற்றிலேயே இருக்கிறது. இரண்டும் எனக்கு ஒரே தூரமாகத்தான் தெரிகிறது.

"எங்களுக்கு வட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறது தம்பி" என்பவர்களுக்கு முதலில் ஒன்று. வட்ஸ்அப் அனுப்புவதற்கான இடம், வைத்திருப்பதற்கான இடம் இல்லை. படம் அனுப்பும்போதே அது சுருக்கப்படுகிறது; மலரில் அச்சடிக்கக் கொண்டுவந்தால் முகங்கள் கரைந்து நிற்கும். நீங்கள் உடனே தரவிறக்காத படமோ ஆவணமோ சில வாரங்கள் கழித்துத் தட்டினால் வராது. அனுப்பியவரையே மீண்டும் அனுப்பச் சொல்லும். அவர் தன் போனில் இடம் போதாமல் அதை அழித்திருப்பார். போன் கடலில் விழுந்தாலும் கதை முடிந்தது. மீன்பிடிச் சங்கங்களில் இது உவமையாகச் சொல்வதில்லை, நடப்பது.

அடுத்தவர்கள் கொஞ்சம் முன்னேறியவர்கள். "டிரைவில் போட்டு வைத்திருக்கிறோம்" என்பார்கள். கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தைத்தான் சொல்கிறார்கள். நல்லது. யாருடைய டிரைவ் என்று கேட்டால்தான் சிக்கல் வெளியே வரும். சங்கத்தின் காணியைச் செயலாளரின் பெயரில் எழுத ஒரு சபையாவது சம்மதிக்குமா? ஆனால் சங்கத்தின் இருபது வருடக் கடிதங்களை அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில் வைக்கும்போது யாரும் ஒரு சொல் கேட்பதில்லை.

கூகுள் டிரைவில் ஒரு கோப்பை யார் ஏற்றினாரோ அவர்தான் அதன் உரிமையாளர். இதைப் பலர் கவனிப்பதில்லை. செயலாளர் ஒரு கோப்புறை திறந்து எல்லோருடனும் பகிர்ந்திருக்கலாம். அதற்குள் பொருளாளர் தன் கணக்கிலிருந்து ஒரு எக்செல் கோப்பை ஏற்றினால் அந்தக் கோப்பு பொருளாளருக்குரியது, இடம் பிடிப்பதும் அவருடைய கணக்கில்தான். நாளைக்கு அவர் தன் கணக்கை மூடினால், பொதுக் கோப்புறையில் இருந்த அந்தக் கோப்பும் கூடவே போய்விடும். செயலாளரின் கோப்புறை அப்படியே இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். "பகிர்ந்துதானே இருந்தது, எங்களுக்கும் தெரிந்ததே" என்று சொல்லிப் பயனில்லை. பார்க்க அனுமதி இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு.

உரிமையை மாற்றிக் கொடுக்கலாம். பகிர்வு அமைப்பில் அதற்கு வழி இருக்கிறது; பெறுபவர் சம்மதம் கொடுத்ததும் மாறும். ஆனால் கொடுப்பவர் உயிரோடும் மனதோடும் இருக்க வேண்டும், அவருடைய கணக்கும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கணக்கு திறக்காமல் போவதற்கு எங்கள் ஊரில் மிகச் சாதாரணமான காரணம் சிம் அட்டை. கடவுச்சொல் மறந்தால் கூகுள் ஒரு குறியீட்டைப் போனுக்கு அனுப்பும். போன் இலக்கமோ வெளிநாடு போனவர் இங்கே விட்டுவிட்டுப் போனது. ரீலோட் பண்ணாமல் கிடந்த சிம் துண்டிக்கப்பட்டு, அந்த இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போயிருக்கும். மின்னஞ்சல் முகவரி சரி, ஆள் சரி, கேட்கிற விடயமும் நியாயம். ஆனாலும் கதவு திறக்காது. இலவசக் கணக்குக்கு முறையிட, கதைத்துச் சமாளிக்க, அங்கே ஒரு கந்தோர் கிடையாது.

இறந்துபோனவரின் கணக்கு இன்னும் வருத்தமானது. யாரும் தொடாத சொந்தக் கணக்குகளை 2 வருடங்களுக்குப் பிறகு அழிக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த வருட டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கும் வந்தது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்துத்தான். காலமான செயலாளரின் குடும்பத்திடம் ஆண்டுத் திவசம் முடியட்டும், பிறகு கேட்போம் என்று மரியாதைக்குக் காத்திருப்பது நம் வழக்கம். அந்தக் காத்திருப்பும் இந்த 2 வருடக் கணக்கில்தான் ஓடுகிறது. (கணக்கு இத்தனை மாதம் செயலற்றுக் கிடந்தால் இன்னாருக்கு அறிவி, கோப்புகளைக் கொடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதியைக் கூகுளே தருகிறது. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை காலம் தெரிவுசெய்யலாம், 10 பேர் வரை பெயர் கொடுக்கலாம். சங்கத்துக்கு மட்டுமில்லை, உங்கள் வீட்டுக்கும் இது தேவை. இன்றே செய்துவையுங்கள்.)

சரி, என்ன செய்யலாம்?

சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு. அவ்வளவுதான் அடிப்படை. அதைத் திறக்கும் நாளிலேயே மீட்பு மின்னஞ்சலாகத் தலைவருடையதையும், போன் இலக்கமாகப் பொருளாளருடையதையும் கொடுங்கள். செயலாளர் தினமும் பாவிப்பவர் என்பதால் அவருடையதே எல்லாவற்றிலும் இருக்க வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போடுங்கள். போட்டால் கூகுள் 10 மாற்றுக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் செல்லும், போனே இல்லாமல் உள்ளே போக உதவும். அவற்றைத் தாளில் அச்சடித்து, கடவுச்சொல்லோடு ஒரு உறையில் ஒட்டி, மேலே மூவரும் கையெழுத்து வைத்து, முத்திரையும் வங்கிப் புத்தகமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். தாளில் எழுதி வைப்பதா என்று கணினி படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திருகோணமலையிலுள்ள ஒரு சங்க அலுமாரியை உடைத்துக் கடவுச்சொல் திருட ரஷ்யாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

அந்தக் கணக்குக்குள் எல்லோரும் புகுந்து வேலை செய்யக் கூடாது. பத்துப் போன்களில் ஒரே கணக்கைத் திறந்தால் கூகுளுக்கும் சந்தேகம் வரும், யார் எதை அழித்தார் என்று உங்களுக்கும் தெரியாது. சங்கக் கணக்கில் கோப்புறையைத் திறந்து, அதை உறுப்பினர்களின் சொந்த மின்னஞ்சலுக்குப் பகிருங்கள். பொருளாளருக்குத் திருத்தும் அனுமதி, கணக்காய்வாளருக்குப் பார்க்கும் அனுமதி, பதவி முடிந்தவருக்கு அனுமதி நீக்கம். பிறர் தந்த கோப்புகளைச் செயலாளர் சங்கக் கணக்கிலிருந்து தானே ஏற்றிவிட வேண்டும், அப்போதுதான் உரிமை சங்கத்துக்கு வரும். புதிய நிர்வாகம் வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றி, பழைய சாதனங்களை வெளியேற்றி, புதிய உறை ஒட்ட வேண்டும். பழையவர் மேல் சந்தேகப்பட்டுச் செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் இதையே செய்யுங்கள்.

வெளிநாட்டுக் கிளைகளும் பணமும் உள்ள பெரிய பழைய மாணவர் சங்கங்கள் சொந்தப் பெயரில் டொமைன் (இணைய முகவரி) வாங்கி, நிறுவனங்களுக்கான கட்டணச் சேவைக்குப் போகலாம். அதிலுள்ள பொது டிரைவில் கோப்பு ஆளுக்குச் சொந்தமாகாது, நிறுவனத்துக்கே சொந்தம். மேலே நான் புலம்பிய பாதிப் பிரச்சினை அங்கே எழாது. ஆனால் வருடா வருடம் கட்ட ஆள் வேண்டும், யாரோ ஒருவரின் வங்கி அட்டையில் அது தொங்கும். அட்டை காலாவதியானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

இடம் போதுமா என்று கேட்பீர்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மைக்ரோசொப்டின் வன்டிரைவ் 5 ஜிபி, டிரொப்பொக்ஸ் 2 ஜிபி. அறிக்கைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் பண்ணினால் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆக 15 ஜிபியில் ஏறத்தாழ 15,000 பக்கம். எந்தச் சங்கம் அவ்வளவு எழுதியிருக்கிறது? இடத்தை விழுங்குவது காகிதம் இல்லை, வீடியோ. அதிலும் முக்கியமாக வட்ஸ்அப். அன்ட்ரொயிட் போன்களில் வட்ஸ்அப் காப்புப்பிரதி முன்பு கூகுள் கணக்கில் இடம் பிடிக்காமல் இருந்தது. 2024இலிருந்து அதுவும் அந்த 15 ஜிபிக்குள் எண்ணப்படுகிறது. போட்டோஸும் 2021 ஜூன் 1 முதல் அப்படித்தான். செயலாளரின் சொந்தக் கணக்கில் காலை வணக்கப் படங்களும் பேரப்பிள்ளையின் நடன வீடியோக்களும் நிரம்பி வழிந்தால் சங்கக் கோப்பு ஏறாது, மின்னஞ்சல்கூட உள்ளே வராது. ஏறவில்லை என்று போன் சொல்லும் அறிவித்தலை அவர் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார். சங்கத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். திருவிழா வீடியோக்களை யூடியூபில், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி போட்டுவிட்டால் டிரைவ் சுமை குறையும். மூல வீடியோவை மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள்.

ஹார்ட் டிஸ்க் பற்றிச் சொல்லும்போதுதான் அடுத்த விடயம். கிளவுட்டில், அதாவது டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிடத்தில், போட்டதும் கோப்பு பத்திரமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். கணினியோடும் போனோடும் இணைத்துவைத்த டிரைவ் உங்கள் செயலை அப்படியே பின்பற்றும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், போட்டோஸில் 60 நாள். பிறகு நிரந்தரமாகப் போய்விடும். "போனில்தானே அழித்தேன்" என்று வருபவர்கள் பெரும்பாலும் அந்த 60 நாளும் கழிந்த பிறகுதான் வருகிறார்கள். போனில் இடம் தேவையென்றால் போட்டோஸ் செயலியிலேயே இடத்தை விடுவிக்கும் தெரிவு இருக்கிறது. ஏற்கெனவே மேலே ஏறிய படங்களை மட்டும் அது போனிலிருந்து நீக்கும். அதைப் பாவியுங்கள். ஒவ்வொரு படமாகத் தெரிந்து அழிக்காதீர்கள்.

கிளவுட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அரசாங்கமே பட்டறிந்தது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் பாவித்த அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவை இழந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் 5,000 வரை. காலாவதியான மென்பொருள் ஒரு காரணம். நமக்குப் பாடமாக இருப்பது மற்றக் காரணம்: காப்புப்பிரதியும் அதே வலையமைப்பில் இருந்தது, அதையும் சேர்த்தே வைரஸ் பூட்டிவிட்டது. தனியே கழற்றிவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. தென்கொரியா தொழில்நுட்பத்தில் நம்மைவிட எத்தனையோ படி மேலே. 2025 செப்டெம்பரில் டேஜொன் நகரிலுள்ள அவர்களின் அரச தரவு நிலையத்தில் பற்றரி தீப்பிடித்து, அரச ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. 858 டெராபைட். வேறிடத்தில் பிரதி இல்லை.

ஆகவே கிளவுட்டோடு இன்னொரு பிரதி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும். 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 வேறிடம் என்று புகைப்படக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு தடவை டிஸ்க்கைச் செருகி, புதியதை நகலெடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். எந்நேரமும் செருகியே கிடக்கும் டிஸ்க் வைரஸுக்கு இன்னொரு இலக்கு, அவ்வளவுதான். கழற்றியதைக் கோயில் அலுவலகத்திலேயே வைக்காமல் கடலுக்கு விலகி, மேட்டில் இருக்கிற ஒருவர் வீட்டில் வையுங்கள். ஏன் என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் எத்தனை பிறப்புச் சான்றிதழ், எத்தனை உறுதி, எத்தனை கலியாண அல்பம் போனது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது மூதூர், வெருகல் பக்கத்தவர்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓட முடிந்தது எவ்வளவு? சங்கக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருந்த கோப்புகள் காய்ந்த பிறகும் ஒட்டிப்போய் நிற்பதை நான் ஸ்கேன் பண்ண முயன்றிருக்கிறேன். தாளைப் பிரித்தால் எழுத்து மறுபக்கத்தோடு போகும்.

பிரதி தூரத்தில் இருப்பதன் பெறுமதிக்கு நம்மிடம் பழைய சாட்சியும் உண்டு. 1624இல் சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, அங்கே கண்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பிரதிசெய்து, மொழிபெயர்ப்போடு தன் நாட்டுக்கு அனுப்பினான். கோயிலின் கற்கள் கோட்டைக்குப் போயின. பிரதி லிஸ்பனில் அஜுடா நூலகத்தில் இருக்கிறது. இடித்தவன் கையால் தப்பியது என்பது கசப்பான விடயம்தான். நம் பிரதியை நாமே, நமக்கு வேண்டியவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். லண்டன் கிளையோ ரொறன்ரோ கிளையோ இருந்தால் அவர்களிடம் ஒரு டிஸ்க் கொடுத்துவிடுங்கள், ஊருக்கு வரும்போது கொண்டுவந்து புதுப்பித்துக்கொண்டு போகட்டும். மலர்கள், விழா அழைப்பிதழ்கள் போன்ற எல்லோரும் பார்க்கலாம் என்கிற வெளியீடுகளை 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் திட்டத்தினருக்கும் கொடுக்கலாம்.

இனி, எனக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிற ஒரு விடயம். எழுத்துரு. 2000ங்களில் நம் ஊரில் தட்டச்சு செய்த பெரும்பாலான ஆவணங்கள் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில், இருக்கின்றன. இப்போதும் சிலர் விடுவதாயில்லை. கை பழகிவிட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாமினிக் கோப்பை டிரைவில் போட்டுப் போனில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். கோப்பு பத்திரமாக இருக்கிறது, கிளவுட் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் வாசிக்க ஒருவராலும் முடியாது. அந்த எழுத்துரு உள்ள கணினி ஒன்று ஊரில் எஞ்சியிருக்கும்வரைதான் அந்த ஆவணத்துக்கு உயிர். தேடலும் வேலை செய்யாது: "யாப்பு" என்று தமிழில் தேடினால் பாமினியில் எழுதிய யாப்பு ஒருநாளும் வராது. ஆகவே பழைய வேர்ட் கோப்புகள் ஒவ்வொன்றையும், எழுத்துரு உள்ள கணினியில் திறந்து பிடிஎப் ஆக்குங்கள், தோற்றம் அப்படியே நிற்கும். முக்கியமானவற்றை, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்திலேயே இருக்கின்றன. ஒட்டினால் மாற்றித் தரும், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துப் பார்த்தால் போதும்.

அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்களும் இப்படித்தான். அந்த மென்பொருளை உற்பத்தியாளரே கைவிட்டுப் பல காலம். அச்சகத்தாரிடம் கோப்பைக் கேட்டு வாங்கும்போது பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் பிடிஎப் தரச் சொல்லுங்கள். இந்தியாவில் அச்சடித்த மலர் என்றால் இன்னும் சீக்கிரம் கேளுங்கள். கையெழுத்து அறிக்கைப் புத்தகங்களுக்குப் பெரிய கருவி தேவையில்லை, டிரைவ் செயலியிலேயே போன் கமராவால் ஸ்கேன் பண்ணிப் பிடிஎப் ஆக்கலாம். அச்சுத் தாளை அப்படி ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே வாசித்துத் தரும். கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம், நம் பழைய செயலாளர்களின் கையெழுத்தை மனிதர்களே வாசிப்பது கஷ்டம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் முன்னால், விடயம் பின்னால். "புதிய கடிதம் கடைசி கடைசி" என்று ஒரு கோப்பு எல்லாச் சங்கத்திலும் இருக்கிறது. எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது.

பகிர்வதில்தான் நான் பயப்படுகிற இடம். நிவாரணப் பட்டியல், மரண உதவிப் பயனாளிகள் பட்டியல், புலமைப்பரிசில் பெறும் பிள்ளைகளின் விபரம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் ஒரே எக்செல் தாளில். அதை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். குழுவிலிருந்து இணைப்பு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. போகிற இடமெல்லாம் கதவு திறந்தே இருக்கும், வேலை முடிந்து பல வருடம் கழிந்தாலும். வெள்ளக் காலத்தில் அவசரம் என்பது விளங்குகிறது. அவசரத்திலும், பார்க்க வேண்டிய ஐந்தாறு பேரின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிர ஐந்து நிமிடம்தான் எடுக்கும். வேலை முடிந்ததும் அனுமதியை நீக்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. பிறர் விபரத்தைச் சேர்த்து வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதே அதன் சாரம்.

மூத்தவர்கள் சிலர் இதைக் கேட்டதும் கிளவுட்டே வேண்டாம் என்பார்கள். அவர்களைப் பழைய ஆட்கள் என்று ஒதுக்காதீர்கள். ஒரு பெயர்ப்பட்டியல் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று பயந்து, தாள்களை எரித்த, மண்ணில் புதைத்த காலம் இந்த மாவட்டத்துக்கு இருந்தது. கையிலிருப்பதை எங்கோ ஒரு அமெரிக்கக் கம்பனியின் கணினிக்கு அனுப்பத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயம், எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டியதில்லை. யாப்பு, பதிவுச் சான்றிதழ், உறுதி, அறிக்கைப் புத்தகம், கணக்காய்வு அறிக்கை, மலர், படங்கள் போகட்டும். ஆட்களின் சொந்த விபரம் உள்ளவை, பிணக்கு விசாரித்த குறிப்புகள், யார் யாருக்கு உதவி கேட்டார் என்பவை டிஸ்க்கில் மட்டும் இருக்கட்டும், அல்லது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக ஏறட்டும். எது எதற்குள் வரும் என்பதைப் பிரிப்பதற்கு அந்த மூத்தவர்கள்தான் பொருத்தமானவர்கள். எந்தக் காகிதம் யாருக்கு வினையாகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு என் போன்றவர்களுக்குத் தெரியாது.

பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதுவதற்கு ஒரு வசனமும் எழுதித் தருகிறேன், வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள்: "சங்கத்தின் மின்கோப்புகள் அனைத்தும் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் பேணப்படும்; அக்கணக்கின் கடவுச்சொல்லும் மாற்றுக் குறியீடுகளும் முத்திரையிட்ட உறையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் பொறுப்பில் இருக்கும்; வருடத்துக்கு இரு தடவை வேறிடத்துப் பிரதி புதுப்பிக்கப்பட்டு அறிக்கைப் புத்தகத்தில் பதியப்படும்; நிர்வாகம் மாறும் தினத்தில் இவை எழுத்தில் கையளிக்கப்படும்." முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயரைப் போட்டு அறிக்கைப் புத்தகத்தில் பேனையால் எழுதுங்கள்.

கணக்கு திறக்க, டிஸ்க்கில் நகலெடுக்க, பாமினியை மாற்றப் பழக உங்கள் பிள்ளைகளில் ஒருவரே போதும்; பிடிபடாவிட்டால் பின்னேரங்களில் என்னிடம் அனுப்புங்கள், சங்க வேலைக்குக் காசு வாங்குவதில்லை. வெளிநாடு போனவருடைய கணக்கைத் திறந்து தா என்று மட்டும் வர வேண்டாம். என்னால் முடியாது, வேறு கடையில் முடியும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் காசு கொடுக்கவும் வேண்டாம். அவருக்கே போன் எடுத்து, அவர் கணக்கு இன்னும் திறக்கக்கூடியதாக இருக்கும்போதே கோப்புகளின் உரிமையைச் சங்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே விடியும் நேரம் பார்த்து எடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரத்திலிருந்து,
உங்கள் கடிதங்களைத் தட்டச்சு செய்பவன்